காரணத்தை டீ குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்

அன்புள்ள அத்தைக்கு,

அன்று அந்தக் கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டது மூன்றே வார்த்தை: "அது என் அத்தை." இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். இல்லையென்றால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் இங்கேயும் சொல்லாமல் விட்டுவிடுவேன். என் குணம் உங்களுக்குத் தெரியும்.

இனி முறைப்படி. இங்கே நான், அப்பா, அம்மா மூவரும் நலம். நீங்கள் நலமா என்று கேட்க வேண்டிய தேவை இல்லை. போன ஞாயிறு நீங்கள் அப்பாவோடு போனில் பேசியது அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்த எனக்கு ஸ்பீக்கர் போடாமலேயே கேட்டது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் திடமாகத்தான் இருக்க வேண்டும். மாமாவின் முழங்கால் தேவலையா? உங்கள் ஓட்டுநர் பள்ளியில் இந்த மாதம் யாரும் சுவரோடு பழகவில்லை என்று நம்புகிறேன். செல்பேசியில் வரும் நீளமான சேதி எதையும் படிக்க மாட்டேன், சொல்வதைக் காகிதத்தில் சொல் என்று நீங்கள் உத்தரவு போட்டிருப்பதால், நான்கு நாள் மதிய இடைவேளைகளில் ஆபீசில் உட்கார்ந்து இதை அடிக்கிறேன்.

ஆம், உங்கள் பழைய ஆபீஸ்தான். அதே மூன்றாவது மாடி, அதே டயர் கடைக்கு மேலே, அதே லிஃப்ட். அது இன்னும் இரண்டாவது மாடியில் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் மேலே வருகிறது. நான் உங்கள் அண்ணன் மகள் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. வேலையில் சேர்ந்த அன்றே அப்பா சொல்லி அனுப்பினார்: "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்றதெல்லாம் ஊருக்கு. நம்ம வீட்ல வாய் இருந்தவ வேலைய விட்டுட்டு வந்தா. நீ வாயத் தொறக்காத." நானும் திறக்கவில்லை. இரண்டே வாரத்தில் எனக்கு 'மியூட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்தது எதிர் நாற்காலியில் இருக்கும் சோதனை அக்கா. எங்கள் நிரல்களைச் சோதிப்பவர் அவர், மனிதர்களையும் விட்டுவைப்பதில்லை.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மணி அடிக்கும் நிரல் எழுதினீர்கள் அல்லவா? ஒன்பதுக்கு முதல் மணி, பத்தே முக்காலுக்கு இடைவேளை என்று சொன்ன நேரத்தில் சொன்ன வேலை. நீங்கள் போன பிறகு மாத்திரை நேரத்தை நினைவூட்டச் சொல்லி ஒரு மருத்துவமனை வந்தது. உங்கள் கோப்பை நகலெடுத்துப் பெயரை மாற்றிக் கொடுத்தார்கள். அப்புறம் தண்ணீர் பம்பு, தெருவிளக்கு, சலவை நிலையம், நூலகம், குஞ்சு பொரிப்பகம். ஒவ்வொருவருக்கும் ஒரு நகல். ஒரே சாவியை ஏழு பேர் நகலெடுத்து, ஆளுக்குக் கொஞ்சம் அரம் வைத்துத் தேய்த்துக்கொண்டதுபோல எல்லாம் ஒன்றுதான், ஆனால் எதுவும் ஒன்றில்லை. பம்பில் ஒரு பிழையைத் திருத்தினால் அதே பிழை மற்ற ஆறு இடத்திலும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும். பிப்ரவரிக்கு இருபத்தொன்பதாம் தேதி உண்டு என்பதை இந்தக் கம்பெனி ஏழு தடவை கண்டுபிடித்திருக்கிறது, ஏழு தடவையும் மார்ச் முதல் தேதியில். மருத்துவமனை நகலில் இரவு எட்டு மணி மாத்திரைக்கு மேலே, "பிள்ளைகள் ஓடி வருவார்கள், இரண்டு முறை அடி" என்ற உங்கள் குறிப்பு இன்னும் இருக்கிறது.

இந்த ஏழையும் ஒன்றாக்குவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. நேரம் பார்க்கும் பகுதியைப் பொதுக்கூறாக ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட வேண்டும். பம்போ முட்டையோ, யாருக்கு வேண்டுமோ அவர்கள் அதைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். பிழை வந்தால் ஒரு இடத்தில் திருத்தினால் போதும். "ஆறு மாசப் பயிற்சி முடியறதுக்குள்ள இது முடிஞ்சா நீ இங்க இருக்க. முடியலன்னா நானும் வருத்தப்படுவேன்" என்றார் மேனேஜர். அவருக்கு எங்களிடையே 'இன்னைக்கே' என்று பெயர். எந்த வேலையை எப்போது முடிக்க வேண்டும் என்று கேட்டாலும் அவர் சொல்லும் பதில் அது. எல்லா வேலைக்கும் நேரம் குறித்துக் கொடுக்கும் கம்பெனிக்கு, எல்லா வேலைக்கும் ஒரே நேரம் தெரிந்த மேனேஜர்.

ஆரம்பிக்கும் முன் அவர் ஒரு கூட்டம் போட்டு உங்கள் நிரலைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். உருட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"இது என்ன கூத்து? 'இந்த வரியை எடுக்காதே. காரணத்தை டீ குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.' காரணம் எங்க?"

"இன்னும் டீ முடியல சார். பதினாறு வருஷமா குடிக்கிறாங்க," என்றார் சோதனை அக்கா. "அதுவும் ஏழு கடையில."

எல்லோரும் சிரித்தார்கள். நகலெடுத்தவர்கள் அந்தக் குறிப்பையும் சேர்த்தே நகலெடுத்திருந்தார்கள், ஒரு தலைமுறையே உங்கள் டீக்காகக் காத்திருந்தது. குறிப்புக்குக் கீழே நீங்கள் காக்கச் சொன்ன வரி: இப்போதைய நேரம், போன முறை வேலை செய்த நேரத்துக்கு முந்தியதாக இருந்தால், இன்னதைச் செய். அந்த 'இன்னதை'த்தான் நீங்கள் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் வைத்திருந்தீர்கள். கே, ஏ, டி, எச், யூ.

"காதுங்க சார்," என்றார் ஒருவர்.

"மணி அடிக்கிற ப்ரோக்ராம்ல காது எதுக்குய்யா?"

"அடிச்சா கேக்கணும்ல சார்."

"காத்தா இருக்கும் சார். ஃபேன் போடுறதுக்கு."

உள்ளே போய்ப் பார்த்தால் 'ஏழாம் முனைக்கு மின்சாரம் கொடு' என்று மட்டும் இருந்தது. ஏழாம் முனையில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் மேனேஜர் தீர்ப்புச் சொன்னார்: "காத்து. அதாவது காத்துக்கிட்டு இரு. நேரம் வரலன்னா வெயிட் பண்ணச் சொல்றாங்க. அதத்தான் ப்ரோக்ராமே செய்யுதே. வெட்டி வரி. அதுவுமில்லாம, நேரம் எப்படிய்யா பின்னாடி போகும்? எனக்குப் போகலாம்னா நான் போயிருக்க மாட்டேனா? ஏழு எடத்துலயும் தேடி எடுத்துடும்மா, இன்னைக்கே." பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "முந்தி இங்க ஒரு அம்மா இருந்தாங்க. வாயத் தொறந்தா டயர் கடை வரைக்கும் கேக்கும். அவங்க வேலையாத்தான் இருக்கும்," என்றார்.

அந்த இடத்தில்தான் நான் மூன்று வார்த்தையையும் விழுங்கினேன் அத்தை. இன்னொன்றையும் விழுங்கினேன். நம் வீட்டில் வளர்ந்த யாரும் அந்த ஐந்து எழுத்தைக் காது என்றோ காத்து என்றோ படிக்க மாட்டார்கள். கத்து. நான் தண்ணீர் கேட்கக் கூச்சப்பட்டு விக்கியபோது நீங்கள் சொன்னது அது. பஸ்ஸில் எவனோ என் காலை மிதித்துக்கொண்டு நின்றபோது சொன்னதும் அது: "வாயத் தொறந்து கத்தேன்டி!" எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் நோட்டில் 'வரியை எடுக்க வேண்டும்' என்று எழுதி, கீழே அழகாக ஒரு கோடு போட்டேன்.

என் திறமையை இனிக் கேளுங்கள். ஏழையும் ஒன்றாக்க வேண்டுமென்றால் முதலில் ஏழும் ஒரே மாதிரி ஆக வேண்டும். உங்கள் குறிப்பைப் பிடித்தால் வரியும் கூடவே அகப்படும் என்று 'டீ' என்ற சொல்லைத் தேடக் கொடுத்தேன். அகப்பட்டது. ஒவ்வொன்றாக எடுத்தேன், எடுத்தவற்றை எண்ணவில்லை. பிறகு ஏழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது இருப்பதிலேயே சுத்தமாக இருக்கிறது என்று பார்த்தேன். குஞ்சு பொரிப்பகத்தின் நகல் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல் இருந்தது. அதை எழுதியவர் நல்ல தமிழ்ப் பற்றாளராம், எனக்கு முன்பே வேறு வேலைக்குப் போய்விட்டார். எல்லாக் குறிப்புகளையும் உட்கார்ந்து திருத்தி எழுதியிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்கும் கருவியில் போட்டால் வரிக்கு வரி வித்தியாசம் என்று திரை முழுக்கச் சிவப்பு. எல்லாம் தமிழ்தானே, நிரல் ஒன்றுதானே என்று கண்ணை மூடிக்கொண்டு தாண்டினேன். அதையே அடிப்படையாக வைத்துப் பொதுக்கூறைக் கட்டினேன். ஆறு வாரம். மூவாயிரத்துச் சொச்சம் வரிகள் நானூறாகச் சுருங்கின. ஒரு வெள்ளிக்கிழமை பழைய நகல்களை எடுத்துவிட்டு ஏழு இடத்திலும் புதியதைப் பொருத்தினோம். சனி, ஞாயிறு உலகம் ஒழுங்காக ஓடியது.

திங்கட்கிழமை பதினொன்றே காலுக்கு என் மேசைப் போன் அடித்தது. குஞ்சு பொரிப்பகத்துக்காரம்மா. நாங்கள் முட்டைக்காரம்மா என்போம். பின்னால் ஊரைக் கூட்டும்படி ஒரு மணி அலறிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, இங்க ஒரு மணி அடிக்குது, நிக்கவே மாட்டேங்குது! சுவத்துல இப்படி ஒரு மணி இருக்குன்னே எனக்கு இப்பத்தான் தெரியும். குஞ்சு பொரிஞ்சா மணி அடிக்குமா? ஆறு நாள்தானே ஆச்சு!"

நான் என் வழக்கமான குரலில், "மணி என்ன காட்டுதுங்க?" என்றேன்.

"என்னது? சத்தமாப் பேசு!"

"மணி என்னங்க?"

"எந்த மணியக் கேக்குற? அடிக்கிற மணியா, பாக்குற மணியா?"

"பாக்குற மணி!"

"அதையேன் கேக்குற. கரண்ட் போயிட்டு வந்துச்சு, அதுலேருந்து கம்ப்யூட்டர்ல இருபது வருஷத்துக்கு முந்தின தேதி காட்டுது. அப்ப எனக்குக் கல்யாணமே ஆகல!"

பழைய கணினி, அத்தை. கரண்ட் போனாலும் தேதியை நினைவில் வைத்திருக்கும் உள் பேட்டரி அதில் செத்துப்போயிருந்தது. எழுந்ததும் அது தன் பிறந்த தேதிக்குப் போய்விட்டது. நேரம் பின்னாடி போகும். போய்விட்டது. அந்த அறையில் நான்கு பெட்டியில் பன்னிரண்டாயிரம் முட்டை. மணிக்கு ஒரு முறை தட்டைச் சாய்த்துத் திருப்ப வேண்டும், விட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அந்தம்மா வீட்டை அடகு வைத்து வாங்கிய பெட்டிகள் அவை. இந்த ஈடு வீணானால் அடுத்த ஈட்டுக்கு வழியில்லை என்று பொருத்தப் போனபோதே சொல்லியிருந்தார். அடுத்த திருப்பலுக்கான நேரம் நிரலின் கணக்குப்படி இன்னும் இருபது வருஷம் கழித்து.

"தட்டக் கையால திருப்புங்க," என்றேன். மணி அலறியது. "என்ன?" என்றார். மறுபடி சொன்னேன். "ஒண்ணும் கேக்கல தாயி!" என்றார்.

அப்போது, அத்தை, நான் எழுந்து நின்று கத்தினேன். "பெட்டிப் பக்கத்துல கைப்பிடி இருக்கு! அதப் புடிச்சுத் திருப்புங்க! நாலு பெட்டியும்! இப்பவே! மணிக்கு ஒரு தடவை! நான் கெளம்பி வரேன்!" கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் நின்றது. மேனேஜர் அறைக் கதவு திறந்தது. சோதனை அக்கா வாயில் வைத்த பென்சிலை எடுக்க மறந்து, "மியூட்டா அது?" என்றார்.

நானும் மேனேஜரும் போனோம். முட்டைக்காரம்மா ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மறு கையால் மூன்றாவது பெட்டியின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். பேட்டரி மாற்றினோம், தேதியைத் திருத்தினோம், மணி நின்றது. திடீரென்று வந்த அமைதியில் மேனேஜர் சுவர் மணியிலிருந்து போகும் ஒயரை விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். அது கட்டுப்பாட்டுப் பெட்டியின் ஏழாம் முனையில் முடிந்தது.

"காது இல்ல," என்றார்.

"இல்ல சார்."

"காத்தும் இல்ல."

"இல்ல சார்."

வரும் வழியெல்லாம் யோசித்துவிட்டு லிஃப்டில் கேட்டார்: "நான் எடுக்கச் சொன்னேன். நீ எடுக்கல. எடுத்திருந்தா அந்தப் ப்ரோக்ராம் கைகட்டி வாய்பொத்தி இருபது வருஷம் உக்காந்திருக்கும். ஏம்மா எடுக்கல?"

எனக்கே அதுதான் கேள்வி. எடுத்தேனே! லிஃப்ட் இரண்டாவது மாடியில் யோசித்தது, நானும் யோசித்தேன். என் மௌனத்தை அவர் ஆழம் என்று எடுத்துக்கொண்டார். "இதான். பேசாம இருந்தாலும் வேலைல பேசற. உனக்கு நிரந்தர ஆர்டர் போடச் சொல்றேன். இன்னைக்கே."

இடத்துக்கு வந்து பொதுக்கூறைத் திறந்து பார்த்தேன். இருந்தது. உங்கள் வரி பத்திரமாக இருந்தது. அதற்கு மேலே அந்தத் தமிழ்ப் பற்றாளர் எழுதியிருந்தார்: "இவ்வரியை நீக்கற்க. காரணம், தேநீர் அருந்திய பின் வரையப்படும்."

நான் டீயைத் தேடினேன் அத்தை. தேநீரைத் தேடவில்லை.

ஆக, பன்னிரண்டாயிரம் உயிரைக் காப்பாற்றியது என் அறிவு இல்லை. உங்கள் ஒரு வரியும் முகம் தெரியாத ஒருவரின் தமிழ்ப் பற்றும் என் கவனக்குறைவும் சேர்ந்து காப்பாற்றின. இதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. நிரந்தர ஆர்டரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

பதினைந்து நாள் கழித்துக் குஞ்சுகள் வந்தன. முட்டைக்காரம்மா கூப்பிட்டார். பின்னணியில் இந்த முறை கீச்கீச் என்று வேறு சத்தம். "மணிய விட இதுங்க மோசம்மா," என்றார், குரலில் சிரிப்பும் அழுகையும் கலந்திருந்தது. "அந்த வரிய எழுதின மகராசி யாரு?" என்று கேட்டார். "பழைய ஆளுங்க," என்றேன். பாருங்கள், அப்போதும்!

அன்று சாயங்காலம் உங்கள் மூலக் கோப்பைத் தேடி எடுத்தேன். அந்த வரிக்குப் பக்கத்தில் தேதி இருக்கிறது. என் எட்டாவது பிறந்த நாளுக்கு மறுநாள். 

நீங்கள் மணி நிரல் எழுதிக் கொடுத்த அதே பள்ளிக்கூடத்தில்தானே நான் படித்தேன். என் எட்டாவது பிறந்த நாளன்று அங்கே கடைசி மணி அடிக்கவில்லை. மதியம் கரண்ட் போய் வந்திருந்தது. டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "சரி கெளம்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார், எல்லோரும் ஓடினார்கள். மணி அடிக்காமல் எப்படிப் போவது என்று நான் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ வெளியிலிருந்து கதவைச் சாத்தினார்கள். பெருக்குகிற சத்தம் கேட்டது, கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. ஐந்தரைக்கு நீங்கள் வந்து கதவைத் திறந்தீர்கள். "மணி அடிக்கலன்னா கத்த வேணாமாடி?" என்று என்னைக் கட்டிக்கொண்டு நீங்கள்தான் கத்தினீர்கள்.

மறுநாள் அந்த வரியை எழுதியிருக்கிறீர்கள். மணி தவறினால் நிரல் என்னைப்போல உட்கார்ந்திருக்கக் கூடாது, உங்களைப்போலக் கத்த வேண்டும் என்று. காரணத்தை எழுதாமல் டீ குடிக்கப் போனீர்கள். திரும்பி வந்தபோது உங்கள் நாற்காலியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பிரிண்டரை வைத்திருந்தார்கள். நீங்கள் கேட்க வேண்டியதை மூன்று மாடிக்கும் கேட்கும்படி கேட்டுவிட்டு இறங்கிவிட்டீர்கள். இந்தப் பிற்பாதியை மட்டும் அப்பா எனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார், பாடமாக. முற்பாதி ஏழு இடத்தில் நகலாகி எனக்காகக் காத்திருந்திருக்கிறது.

நன்றி அத்தை. கதவைத் திறந்ததற்கு, கத்தியதற்கு, எடுக்காதே என்று எழுதி வைத்ததற்கு. காரணத்தை எழுதாமல் போனதற்கும்தான். எழுதியிருந்தால் யாரும் அதை எடுத்திருக்க மாட்டார்கள், எனக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

ஒரே ஒரு வேண்டுகோள். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். டீ, தேநீர் விவகாரம் நம் இருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். நீங்கள் என் அத்தை என்பதும் இங்கே யாருக்கும் தெரிய வேண்டாம். அமைதியாக இருந்துவிட்டுப் போகிறேன், எனக்கு அதுதான் வரும். மாமாவுக்கு என் வணக்கம். உங்களிடம் வண்டி பழகும் எல்லோருக்கும் தீர்க்காயுசு உண்டாகட்டும்.

உங்கள் அன்பு மருமகள்.

பின்குறிப்பு: இது கையால் எழுதுவது. மறுபடி அச்சடிக்கத் தைரியமில்லை. மேலே உள்ள ஒன்பது பக்கத்தையும் என் இடத்திலிருந்து பிரிண்டருக்கு அனுப்பினேன். ஆபீசுக்கே ஒரு பிரிண்டர்தான், உங்கள் நாற்காலி இருந்த அதே இடத்தில் இருக்கிறது. எழுந்திருக்கும்போது முட்டைக்காரம்மாவின் போன் வந்தது. பேசி முடித்துப் போய்ப் பார்த்தால் அங்கே மேனேஜர் நின்றுகொண்டு எட்டாம் பக்கத்தில் இருந்தார். ஒன்பதாவதையும் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"டீன்னு தேடினியா?"

"ஆமா சார்."

"அப்ப எடுக்காம விட்டது?"

"தெரியாம சார்."

"நான் எடுக்கச் சொன்னது?"

"அதுவும் தெரியாமத்தான் சார்."

நான்தான் சொன்னேன் அத்தை. பின்னால் சோதனை அக்காவின் பென்சில் கீழே விழுந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "அது என் அத்தை சார்," என்றும் சொன்னேன், கொஞ்சம் சத்தமாக. மேனேஜர் பக்கங்களை ஒழுங்காக அடுக்கினார். "பிரிண்டர அங்க வெச்சது நான்தான்," என்றார். "அப்ப வேலைக்குச் சேந்து மூணாம் நாள். எடம் காலியா இருந்துச்சு. டீக்குப் போயிருக்காங்கன்னு யாரும் சொல்லல." என் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

கிழிக்க வேண்டாம். மறுநாள் காரணத்தை அந்த வரிக்கு மேலே எழுதினேன், கீழே உங்கள் பெயரைப் போட்டேன். அதற்கடுத்த நாள் பிரிண்டரை ஜன்னலோரம் நகர்த்திவிட்டார்கள். பழைய இடத்தில் இப்போது ஒரு நாற்காலி இருக்கிறது.